எண்ணெய் தின்னும் பக்டீரியாத் தூள்: மலைநாட்டுக் கராஜுக்குச் சரிவருமா?

பக்கெட்டில் 'கடல் பக்டீரியா' என்று போட்டிருந்தால் ஹட்டன், நுவரெலியா பக்கம் வாங்க வேண்டாம். அல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ் போன்றவை உப்பில்லாமல் வளராது. நம் கானில் உப்பு ஏது? மண்ணுக்கான பக்டீரியாக் கலவை பரவாயில்லை, ஆனால் ஆறுதலாகத்தான் வேலை செய்யும்.

சிந்திய டீசலை முதலில் மரத்தூள் போட்டு அள்ளிவிடுங்கள், மிச்சத்துக்குத்தான் தூள். குளோரின் வாடை அடிக்கும் தண்ணீரில் கரைத்தால் காசு வீண், பீலித் தண்ணீர் நல்லது. பக்டீரியாவுக்குச் சத்தாக, மண்ணில் ஊறிய ஒரு கிலோ டீசலுக்குச் சுமார் 180 கிராம் யூரியா, கொஞ்சம் பொஸ்பேட் உரம். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் அமோனியா கிளம்பிப் பக்டீரியாவையே கெடுக்கும். மூன்று தடவையாகப் போடுங்கள். மண் பிழிந்த துணிபோல் ஈரமாக இருக்கட்டும். வாரம் இருதரம் கிளறாவிட்டால் காற்றில்லாமல் நாறும். நுவரெலியாக் குளிரில் இன்னும் இழுபடும். பழைய என்ஜின் ஒயிலுக்கு நம்பாதீர்கள், அதன் கனமான கூறுகள் இலேசில் அசையா.