வட்டுக்கோட்டையில் ஐந்து வருடம்: செந்நெறிக் கிறிஸ்தவ வீட்டுக்கல்வி எங்களுக்குச் சரிவந்ததா?

2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது மகள் நான்காம் வகுப்பு. டொராண்டோவில் இருக்கிற மச்சாள், தன் பிள்ளைகள் படித்து முடித்த செந்நெறிக் கிறிஸ்தவப் பாடத்திட்டப் புத்தகங்களை இரண்டு பெட்டி நிறையக் கப்பலில் போட்டுவிட்டிருந்தார். அப்படித்தான் இது தொடங்கியது. பெரிய தரிசனம் ஒன்றும் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முழுநேர வீட்டுக்கல்வி அல்ல. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம், அதனால் பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகள் போய்விட்டார்கள். நாங்கள் விட்டது ரியூசனை. அந்த நேரத்தில் வீட்டில் பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம், சனிக்கிழமை விடியக் கொஞ்சம் கூட.

செந்நெறிக் கல்வி (classical education) தெரியாதவர்களுக்கு: இலக்கணம், தருக்கம், சொல்வன்மை மூன்றும் ட்ரிவியம்; எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானியல் நான்கும் குவாட்ரிவியம். ஐரோப்பாவின் பழைய ஏழு கலைகள் இவைதான், செந்நெறிக் கல்வி இவற்றைப் பின்பற்றுகிறது. 1947இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் ஆங்கில எழுத்தாளர் டொரதி செயர்ஸ் பேசிய ஓர் உரையில் முதல் மூன்றையும் பிள்ளை வளரும் பருவங்களோடு பொருத்திக் காட்டினார், இன்றைய பாடத்திட்டங்கள் பலவற்றுக்கு அதுதான் அத்திவாரம். கேட்டதைப் பாடமாக்கும் முதல் பருவத்துக்கு அவர் வைத்த பெயர் கிளிப்பிள்ளைப் பருவம். இதை வாசித்துக் காட்டியபோது அம்மா சிரித்துவிட்டு, "எங்கட ஐயா திண்ணையில இருந்து நிகண்டு பாடமாக்கினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் பிள்ளை? இதுக்கு ஏன் கனடாவில இருந்து பெட்டி?" என்று கேட்டா. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

இலத்தீன் இரண்டு வருடம் ஓடியது. அமோ, அமாஸ், அமாத் என்று கிணற்றடி வரை கேட்கும். ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடத்தில் மகள் தடுக்கவில்லை. பெயர்ச்சொல்லின் வால் ஆறு வேற்றுமைக்கு மாறும் என்றதும், "எங்களுக்கு எட்டு இருக்கே, விளியோடு சேர்த்து" என்றாள். ஆனால் உச்சரிப்பைத் திருத்த ஆள் இல்லை. ஒரு புத்தகம் திருச்சபை முறையில் சொல்லச் சொல்கிறது, மற்றது ரோமர் முறையில், நடுவில் நான். மூன்றாம் வருடம் அதை நிறுத்திவிட்டு நன்னூலை எடுத்தோம். 462 சூத்திரத்தில் நாற்பது ஐம்பது பாடமாகியிருக்கும், அவ்வளவுதான், ஆனால் பயிற்சி அதே பயிற்சி. வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தவர் என்று சொன்னபோது, விட்ட இலத்தீனைத் திரும்பத் தொடங்கலாமா என்று மகளே கேட்டாள். நான்தான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எனக்கு எரிச்சல் வந்தது சரித்திரத்தில். காலவரிசையைப் பாட்டாகப் பாடமாக்க வேண்டும், நல்ல முறைதான். ஆனால் கிரேக்கம், ரோம், இங்கிலாந்து என்று போகிற பாட்டில் நாங்கள் எங்கேயும் இல்லை. அப்புறம் நானே எங்கள் யாழ்ப்பாணத்து வரிகள் சேர்த்தேன்: 1619இல் பிடித்த போர்த்துக்கேயர், 1658 ஒல்லாந்தர், 1795 ஆங்கிலேயர், 1816இல் வந்த அமெரிக்க மிஷன். மெட்டு இடிக்கும், பரவாயில்லை. அந்த மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே படிப்பித்த இடம், 1855இல் மூடப்பட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளைதான் பிறகு ஏடு தேடி அலைந்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். பெட்டியில் வந்த எந்தப் புத்தகமும் சொல்லாததை மதில் ஓரமாக சைக்கிளை நிறுத்தி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன்.

எதிர்பாராமல் நன்றாக அமைந்தது வானியல். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாட்கள், பெற்றோலும் இல்லை, போட்டோகொப்பி எடுக்கக் கடதாசியும் இல்லை. முற்றத்தில் பாய் விரித்து ஓரியனைத் தேடினோம். சின்னவன் வேதாகமத்தில் யோபு புத்தகத்தில் அதே ஓரியன் மிருகசீரிஷம் என்ற பெயரில் வருகிறது என்று கண்டுபிடித்துக் கத்தினான்.

தருக்கத்துக்குத் தனி எச்சரிக்கை தேவை. பன்னிரண்டு வயதில் வாதப்பிழைகளைப் படிப்பித்தால் அந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு ஒருவரும் நிம்மதியாகக் கதைக்க முடியாது. "அம்மா, நீங்கள் சொன்னதுக்கு ஆதாரம் சொல்லேல்ல, ஆளைத்தான் குறை சொன்னீங்கள்." பிரசங்கம் முடிந்து வரும் வழியிலும் இதே கதைதான். ஆனால் முகநூலில் வரும் செய்தியை உடனே நம்பாமல் யார் சொன்னது என்று கேட்கிறாள், அந்தக் குணம் எனக்கே இல்லை.

நட்டமும் உண்டு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்தன. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கடந்தகால வினாத்தாள் செய்து பழகும் வேகம் இந்த முறையில் வராது, அது உண்மை. படிப்பிக்கிற ஆளுக்கும் ஓய்வில்லை, நான் படித்தால்தான் அவர்கள் படிப்பார்கள். மாதத்தில் ஒரு கிழமையாவது ஒன்றும் நடக்காது.

ஒன்று மட்டும் வைத்துக்கொள் என்றால், வாசித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லும் பழக்கத்தை வைத்துக்கொள்வேன். அதற்குப் பெட்டி தேவையில்லை. மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுத்த தை மாதம் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் அனுப்பப் போகிறேன், மற்றதெல்லாம் வீட்டில்தான். இலத்தீன் புத்தகங்கள் கறையான் அரிக்காமல் அலுமாரி மேல் தட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் வந்து எடுக்கலாம். மகளிடம் மட்டும் கேட்டுவிட்டு.