பிளட் போல் லீக்: போட்ட விதிகளும் நிலைத்த விதிகளும்

பிளட் போல் பலகையில் ஆடும் ஒரு கற்பனைப் பந்தாட்டம். குள்ளர், எல்ஃப், ஓர்க், எலி மனிதர் என்று இனத்துக்கு ஓர் அணி. றக்பி மாதிரிப் பந்தைக் கொண்டுபோய் எல்லைக்கோட்டில் சேர்க்க வேண்டும் (இதுதான் டச் டவுன்), வழியில் அடிபிடிக்கும் அனுமதி உண்டு. ஜெர்விஸ் ஜோன்சன் வடிவமைத்து, கேம்ஸ் வேர்க்‌ஷொப் 1986-இல் வெளியிட்டது. கிளிநொச்சியில் நண்பர்கள் ஆறு பேர் 2020 பதிப்பின் விதிகளை வைத்து லீக்காக ஆடி வருகிறோம். ஒரு மட்ச் ஆடிவிட்டுச் சொல்லும் கருத்துகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. அதே ஆறு அணிகள் போகத்துக்குப் போகம் (லீக்கின் ஒரு பருவத்தைப் போகம் என்றுதான் சொல்வோம்) மோதும்போது என்ன நடக்கிறது, சமநிலையைக் காக்க நாங்களே போட்ட விதிகளில் எவை நிலைத்தன என்பதை எழுதலாம் என்று நினைத்தேன்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். களத்துக்குள் நடப்பதில் கை வைக்காதீர்கள். மட்சுக்கும் மட்சுக்கும் இடையில் அணியின் கணக்கு எழுதும் கொப்பியில் கை வையுங்கள்.

2022 நெருக்கடிக்குப் பிறகு டொலர் விலையில் பெட்டி வாங்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. 26க்கு 15 கட்டம் உள்ள களத்தைக் கொமினிகேஷன் கடையில் துண்டு துண்டாகப் பிரிண்ட் எடுத்து ரெஜிபோம் தகட்டில் ஒட்டினோம். வீரர்களுக்குச் சோடா மூடி, அணிக்கு ஒரு நிறம். வீரன் விழுந்தால் மூடியைக் கவிழ்த்து வைப்போம். மயங்கிக் கிடந்தால் அதன்மேல் ஒரு தீக்குச்சி. இலக்கத்தை மூடியின் இரண்டு பக்கமும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கவிழ்ந்து கிடப்பது யார் என்றே வாக்குவாதம் தொடங்கிவிடும். மோதலுக்கான விசேட பகடைக்குப் பதில் சாதாரணப் பகடை போதும். 1 விழுந்தால் அடித்தவன் சாய்வான், 2 என்றால் இருவரும், 3, 4 வெறும் தள்ளு, 5 விழுந்தால் எதிராளி தடுமாறுவான், 6 என்றால் நேரே சாய்வான். இப்படி ஆடுவதால் ஆட்டத்தின் சுவை ஒரு துளியும் குறையவில்லை.

புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் நினைத்த அளவு கடினமில்லை. நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு வீரனும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களை மறித்துக்கொண்டு நிற்கிறான், அவனைத் தாண்டப் பகடை உருட்ட வேண்டும், தவறினால் உங்கள் முறை அத்தோடு முடிந்தது. கிளித்தட்டில் கோட்டில் நிற்பவனை ஏய்த்துக் கடக்கிற மாதிரித்தான். இதைச் சொன்னவுடன் எங்கள் பெடியளுக்குப் பாதி ஆட்டம் விளங்கிவிட்டது. பாதிக்கு ஆளுக்கு எட்டு முறை வீதம் இரண்டு பாதி. ஒரு மட்ச் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும்.

இனிப் பிரச்சினைக்கு வருவோம். எல்லா அணிக்கும் தொடக்கப் பணம் 1,000,000 பொற்காசு. ஆகக் குறைந்தது 11 பேர், கூடியது 16 பேர் எடுக்கலாம். காட்டு எல்ஃப் அணியின் சாதாரண வீரன் 70,000. குள்ளர் அணியின் சாதாரண வீரனும் 70,000. எல்ஃப் ஒரு முறையில் ஏழு கட்டம் ஓடுவான், குள்ளன் நாலு கட்டம்தான். ஆனால் அடிபட்டு விழுந்தால் கதை வேறு. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 8 வந்தாலே எல்ஃபின் கவசம் உடையும், குள்ளனுக்கு 10 வர வேண்டும். 36 வாய்ப்பில் எல்ஃபுக்கு 15, குள்ளனுக்கு 6. கவசம் உடைந்தபின் காய எறிதலில் 10 அல்லது மேல் வந்தால் அந்த மட்சில் அவன் இல்லை. பிறகு பதினாறு முகப் பகடையில் 15 அல்லது 16 விழுந்தால் மரணம். ஒரே ஒரு மட்ச் என்றால் எல்ஃபின் ஓட்டமும் குள்ளனின் கவசமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், அந்த விலை நியாயமான விலைதான். லீக்கில் காயம் மட்சோடு முடிவதில்லை. நாலாவது மட்சுக்கு வரும்போது எல்ஃப் அணியில் எட்டுப் பேர் மிஞ்ச, குள்ளர் அணி பணத்தை எதில் போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வரும். “மச்சான், என்னட்டை ஆக்களே இல்லை. நான் வந்து என்ன செய்யிறது?” எங்கள் லீக்குக்கு உண்மையான ஆபத்து அந்தக் கேள்விதான். ஆறில் இரண்டு பேர் வராமல் விட்டால் லீக் முடிந்தது.

விதிப்புத்தகத்திலும் இதற்கு மருந்து உண்டு, நல்ல மருந்துதான். பதினொருவர் தேறாத அணிக்குத் தற்காலிக வீரர்கள் இலவசமாக வருவார்கள். இரண்டு அணிகளின் பெறுமதிக்கும் உள்ள வித்தியாசம் பலவீனமான அணிக்குச் செலவுப் பணமாகக் கிடைக்கும். 150,000-க்கு ஒரு மந்திரவாதி, 100,000-க்கு நடுவருக்கு இலஞ்சம் என்று அந்த மட்சுக்கு மட்டும் வாங்கலாம். எங்கள் எல்ஃப் பயிற்சியாளர், அதாவது அந்த அணியை ஆடும் நண்பர், ஒருதடவை மந்திரவாதியை எடுத்து, பந்து வைத்திருந்த குள்ளனை நெருப்புப் பந்தால் சாய்த்து மட்சை வென்றே விட்டார். ஆனால் அது வாடகைப் பலம். மறுநாள் கொப்பியைத் திறந்தால் அதே எட்டுப் பேர்தான். அந்த மட்ச் சமப்பட்டது, அணி தேறவில்லை.

ஆகவே சொந்தமாக விதிகள் போடத் தொடங்கினோம். பின்தங்கிய அணிக்கு ஒரு மறு எறிதல் (பிழைத்த பகடையைத் திரும்ப உருட்டும் வாய்ப்பு) கூடுதலாகக் கொடுக்கும் விதி சீக்கிரமே போய்விட்டது. தோற்றவர், தான் தோற்றது அந்த ஓர் எறிதலால்தான் என்று சொன்னால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. குள்ளர் அணியையே தடை செய்யலாம் என்ற யோசனை வந்தபோது நான் எதிர்த்தேன். ஒருவருக்குப் பிடித்த அணியைப் பறித்துவிட்டு அவரை வரச் சொல்வது நியாயமில்லை. மரணமே வேண்டாம் என்று ஒரு போகம் ஆடியதுதான் பெரிய பாடம். எல்ஃப் அணியின் போர் நடனக்காரன் தொடக்கத்திலேயே 125,000 பெறுமதியானவன். சாவுப் பயம் இல்லாமல் அவன் திறமைக்கு மேல் திறமை ஏற்றிக்கொண்டே போனான், கடைசியில் அவனை நிறுத்த ஆளில்லை. கவசம் மெலிந்திருப்பதுதான் அந்த அணியின் வேகத்துக்குக் கொடுக்கும் விலை. மரணத்தை எடுத்தால் அந்த விலையையும் எடுத்துவிடுகிறோம். எனவே மரணம் திரும்பி வந்தது.

நிலைத்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மரண சகாய நிதி. பெயர் பெடியள் வைத்தது. வென்ற அணி தன் வருமானத்தில் 10,000-ஐ நிதியில் போட வேண்டும். யாருடைய வீரன் செத்தாலும், அதே அணியின் சாதாரண வீரன் ஒருவனை வாங்க நிதி பாதி விலை கொடுக்கும். எல்ஃப் என்றால் 35,000. ஒரு சுற்றில் மூன்று மட்ச், மூன்றிலும் வெற்றி தோல்வி வந்தால் 30,000 சேரும், கிட்டத்தட்டக் கணக்குச் சரிவரும். கொடுப்பவருக்கும் பெரிய நட்டமில்லை. கையிருப்பு 100,000-ஐத் தொட்டாலே புத்தக விதிப்படி ஊதாரிச் செலவுக்கான பகடை உருட்ட வேண்டும், எப்படியும் போகக்கூடிய காசுதான். முதலில் முணுமுணுத்த குள்ளர் பயிற்சியாளர் இப்போது கேட்காமலே நிதிப் பக்கத்தில் எழுதிவிடுகிறார்.

அடுத்தது போக முடிவில் அணியைத் திரும்பக் கட்டும் விதி. இது புத்தகத்திலேயே உண்டு. பழைய வீரனைத் திரும்ப எடுத்தால், அவன் ஆடி முடித்த ஒவ்வொரு போகத்துக்கும் 20,000 கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நாங்கள் அதில் அணியைக் கட்டச் செலவிடும் பணத்தின் உச்சவரம்பை மட்டும் 1,200,000 என்று இறுக்கினோம். எவ்வளவு வென்ற அணியும் இரண்டு மூன்று நட்சத்திரங்களில் ஒருவரை விட்டே ஆக வேண்டும். ஒரே ஒரு விதி போடத்தான் பொறுமை உண்டு என்றால், இதைப் போடுங்கள்.

சிறியவை இரண்டு. மட்சின் சிறந்த வீரனுக்கான, திறமை ஏற்ற உதவும் 4 புள்ளியைப் புத்தகப்படி ஆறு பேரில் ஒருவருக்குக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும், எங்களிடம் பெறுமதி குறைந்த அணி தானே ஆளைத் தெரிவு செய்யலாம். அப்புறம், அந்த அணி ஒரே ஒரு டச் டவுன் வித்தியாசத்தில் தோற்றால் அட்டவணையில் 1 புள்ளி.

நாட்காட்டி விதி வன்னிக்கே உரியது. மட்சுக்கு வராமல் விட்டுக்கொடுப்பவருக்குப் புத்தகம் கடுமையான தண்டனை வைத்திருக்கிறது. எங்களில் இரண்டு பேருக்கு வயல் இருக்கிறது. காலபோக அறுவடைக்கு மெஷின் கிடைக்கும் நாளில் ஆள் வயலில் நிற்க வேண்டும், மழை இருட்டினால் இரவிலும் நிற்க வேண்டும். வற்றாப்பளைப் பொங்கல் வந்தால் அரைவாசிப் பேர் முல்லைத்தீவுப் பக்கம். அதனால் ஒத்திவைத்த மட்ச் தோல்வியாகாது. அவசரம் என்றால் இன்னொருவர் அணியை நடத்தலாம், ஆனால் வீரரை வாங்கவோ விலக்கவோ கூடாது. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் யார் யாருக்கு என்று தெரிந்த பிறகுதான் அடுத்த லீக்கின் அட்டவணை போடுவோம்.

குறை என்று பார்த்தால் முதலாவது, விதிப்புத்தகம் முழுக்க ஆங்கிலம். வாசிக்கத் தெரிந்தவர் தானாகவே நடுவராகிவிடுகிறார், அது நல்லதில்லை. தன் மட்சில் எழும் சந்தேகத்துக்கு யாரும் தானே தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிறோம், ஆடாமல் இருக்கும் ஒருவரிடம் கேட்டு, முடிவைக் கொப்பியில் தமிழில் எழுதிவிடுவோம். இரண்டாவது நேரம். ஒரு முறைக்கு நாலு நிமிடம், போனில் அலாரம், அவ்வளவுதான்.

இப்போது உச்சவரம்பை 1,150,000 ஆக்கலாமா என்ற பேச்சு ஓடுகிறது. எல்ஃப் பயிற்சியாளர் வேண்டும் என்கிறார். “அண்ணை, அப்ப நான் கஷ்டப்பட்டு வளர்த்த ஆளை விக்கச் சொல்லுறியளோ?” என்று குள்ளர் பயிற்சியாளர் கேட்கிறார். என் வாக்கு 1,200,000-க்குத்தான். இன்னும் 50,000 குறைத்தால் வளர்த்தெடுக்கும் ஆசையே போய்விடும், லீக்காக ஆடுவதே அந்த ஆசைக்காகத்தான். அறுவடை முடிந்து ஆறு பேரும் ஒன்றாகக் கூடும் நாளில் வாக்கெடுப்பு.