ஜேமீட்டரில் த்ரெட் முடியும்போது கனெக்ஷனை எங்கே மூடுவது?

லோட் டெஸ்டுக்கு (பலர் ஒரே நேரத்தில் வந்தால் சர்வர் தாங்குமா என்று பார்ப்பதற்கு) ஜேமீட்டர் என்ற கருவியைத்தான் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். அதில் ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு போலிப் பயனர். வெறும் ஹெச்டிடிபி டெஸ்ட் என்றால் கனெக்ஷன்களை அதுவே பார்த்துக்கொள்ளும். அதற்குள் எழுதும் க்ரூவி மொழி ஸ்கிரிப்டில் நாமே டேட்டாபேஸ் கனெக்ஷனோ சாக்கெட்டோ திறந்து த்ரெட் முழுக்க வைத்திருக்கும்போதுதான் இந்தக் கேள்வி வருகிறது.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கனெக்ஷன் வரம்பு இயல்பாக 100. த்ரெட் குரூப்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி வைத்து, ஒவ்வொன்றிலும் 60 த்ரெட் என்று கொள்வோம். முதல் குரூப் முடிந்தும் அதன் கனெக்ஷன்கள் சும்மா நின்றால், இரண்டாவது குரூப் பாதியில் முட்டி நிற்கும். ரிப்போர்ட்டில் அது சர்வரின் குறையாகத்தான் தெரியும்.

திறப்பதற்கு ஒன்ஸ் ஒன்லி கன்ட்ரோலர் இருக்கிறது. ஒவ்வொரு த்ரெட்டும் முதல் சுற்றில் மட்டும் அதற்குள் போகும். கடைசிச் சுற்றுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் பலரும், மற்ற குரூப்கள் முடிந்தபின் ஓடும் டியர்டவுன் த்ரெட் குரூப்பைத் தேடிப் போகிறார்கள். ஆனால் அது ஓடுவது வேறு த்ரெட்டில். ஸ்கிரிப்ட் தன் மதிப்புகளை வைக்கும் 'வார்ஸ்' அந்தந்த த்ரெட்டுக்கே சொந்தம் என்பதால், அங்கே போய்க் கனெக்ஷனைக் கேட்டால் நல் (ஒன்றுமில்லை) தான் கிடைக்கும். ஜாவா சாம்ப்ளரின் (ஜாவாவில் நாமே எழுதும் டெஸ்ட் படியின்) டியர்டவுன்டெஸ்ட் மெத்தடும் கை கொடுக்காது: அது த்ரெட் முடியும்போது அழைக்கப்படுவதில்லை, மொத்த டெஸ்டும் முடிந்த பிறகு வேறொரு த்ரெட்டிலிருந்து அழைக்கப்படுகிறது. த்ரெட்லோக்கலில் (ஒரு த்ரெட்டுக்கு மட்டுமே தெரியும் ஜாவா மாறியில்) வைத்தது அதன் கைக்கு எட்டாது.

எனக்கு நிலைத்துப்போன வழி இதுதான். த்ரெட் குரூப்பின் லூப் கவுண்ட் 1, டியூரேஷன் கொடுப்பதில்லை. உள்ளே, தனக்குள் இருப்பதைக் குறித்த நேரம் வரை திரும்பத் திரும்ப ஓட்டும் ஒரு ரன்டைம் கன்ட்ரோலர், அதில் 600 விநாடி. வேலையெல்லாம் அதற்குள். அதற்குக் கீழே, வெளியே, கனெக்ஷனை மூடும் ஜேஎஸ்ஆர்223 சாம்ப்ளர் (க்ரூவி ஸ்கிரிப்டை ஓட்டும் படி). நேரம் முடிந்ததும் ஒவ்வொரு த்ரெட்டும் இறங்கி வந்து தன்னுடையதைத் தானே மூடிவிட்டுப் போகும். டியூரேஷன் கொடுத்தால் இது கெட்டுவிடும். நேரம் ஆனதும் த்ரெட் அங்கேயே நின்றுவிடும், கீழே வராது.

சரி, சாம்ப்ளர் எரர் வந்தால் 'ஸ்டாப் த்ரெட்' என்று வைத்திருந்தாலோ, யாராவது நடுவில் ஷட்டவுன் அழுத்தினாலோ? மூடும் படி ஓடாது. அதற்காகத் திறக்கும்போதே கனெக்ஷனை 'ப்ராப்ஸ்'-இல் ஒரு கன்கரன்ட் க்யூவிலும் (பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொடக்கூடிய வரிசையிலும்) போட்டு வைக்கிறேன். ப்ராப்ஸ் எல்லா த்ரெட்டுக்கும் பொது. டியர்டவுன் குரூப் அந்தக் க்யூவைக் காலி செய்து மிச்சமிருப்பதை மூடும். ஷட்டவுனுக்குப் பிறகும் டியர்டவுன் ஓட வேண்டுமென்றால் டெஸ்ட் பிளானில் அதற்கான டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டீமில் ஜாவா எழுதுபவர் இருந்தால் இவ்வளவும் வேண்டாம். த்ரெட் தொடங்கும்போதும் முடியும்போதும் அழைக்கப்படும் த்ரெட்லிசனர் இன்டர்ஃபேஸை வைத்து ஒரு சிறிய கான்ஃபிக் எலிமென்ட் எழுதச் சொல்லுங்கள். த்ரெட்ஃபினிஷ்ட் மெத்தட் அதே த்ரெட்டில், நடுவில் நிறுத்தினாலும் அழைக்கப்படும். என் கணக்கில் இதுதான் சரியான தீர்வு. ஜேமீட்டர் இதைத் திரையிலேயே ஒரு எலிமென்டாகக் கொடுத்திருக்க வேண்டும். லோகஸ்ட் என்ற இன்னொரு லோட் டெஸ்ட் கருவியில் ஒவ்வொரு யூசருக்கும் முடியும்போது ஓடும் ஆன்-ஸ்டாப் இருக்கிறதே!

க்யூ வழியில் போகிறவர்களுக்கு ஒன்று: ஜியுஐ-யில் (ஜேமீட்டர் திரையிலிருந்தே) ஓட்டும்போது ப்ராப்ஸ் அடுத்த ரன்னிலும் அப்படியே இருக்கும். முதலில் ஓடும் செட்டப் குரூப்பில் க்யூவைப் புதிதாக உருவாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.