ஒரே நேர்க்கோட்டுக்கு மூன்று வழிகள்: அட்டவணையா, வெட்டுத்துண்டுகளா, சாய்வா?

2எக்ஸ் + 3ஒய் = 12 என்னும் சமன்பாட்டுக்கு வரைபடம் வரைய மூன்று வழிகள் உண்டு: மதிப்புகளை அட்டவணையிட்டுப் புள்ளிகளைக் குறிக்கலாம்; கோடு இரு அச்சுகளையும் வெட்டும் இடங்களைக் கண்டு இணைக்கலாம்; சாய்வையும் (எக்ஸ் ஓர் அலகு கூடும்போது ஒய் மாறும் அளவு) ஒய் வெட்டுத்துண்டையும் (கோடு ஒய் அச்சை வெட்டும் இடத்தின் ஒய் மதிப்பு) கொண்டு வரையலாம். எப்படி வரைந்தாலும் கிடைப்பது ஒரே கோடுதான் என்றாலும், அதைப் பற்றி நமக்குத் தெரியவருவது வழிக்கு வழி வேறுபடுகிறது.

விரைவில் முந்துவது வெட்டுத்துண்டு முறை. எக்ஸுக்கு 0 இட்டால் ஒய் 4, ஒய்க்கு 0 இட்டால் எக்ஸ் 6. (0, 4), (6, 0) ஆகிய புள்ளிகளை அளவுகோல் வைத்து இணைத்தால் வேலை முடிந்தது. ஆனால் 2எக்ஸ் + 3ஒய் = 0 என்று வந்தால் இரு வெட்டுப்புள்ளிகளும் ஆதிப்புள்ளியிலேயே விழுவதால் வேறொரு புள்ளியைத் தேடியாக வேண்டும். 7எக்ஸ் + 5ஒய் = 1 என்றால் 1/7, 1/5 என வெட்டுத்துண்டுகள் மிகச் சிறியவை; பென்சில் முனை சற்றே விலகினாலும் கோடு தடம் மாறிவிடும்.

அட்டவணை முறை மெதுவானது. எக்ஸுக்கு 1, 2 என்று இட்டால் 10/3, 8/3 எனப் பின்னங்கள் வந்து சலிப்பூட்டும். 0, 3, 6 என்று எடுத்துக்கொண்டால் 4, 2, 0 எனச் சீராக அமையும். கோட்டை வரைய இரண்டு புள்ளிகளே போதுமெனினும், மூன்றாவது புள்ளி கோட்டில் அமையாவிட்டால் கணக்கு எங்கோ பிசகியிருப்பது உடனே தெரிந்துவிடுவதால் அதை வீண் வேலை என்று ஒதுக்க முடியாது. எக்ஸ் 3 கூடுந்தோறும் ஒய் 2 குறைவதும் இங்குதான் முதலில் கண்ணில் படுகிறது.

அந்த மாறாத வீதத்தையே சாய்வு முறை கையில் எடுக்கிறது. சமன்பாட்டை ஒய் = −(2/3)எக்ஸ் + 4 என்று மாற்றி எழுதி, (0, 4) இல் தொடங்கி வலப்புறம் 3 அலகும் கீழ்நோக்கி 2 அலகும் சென்றால் (3, 2) கிடைக்கும். இப்படி மாற்றி எழுதாமல், எக்ஸின் கெழுவான 2ஐயே சாய்வு என்று கொள்வது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. எக்ஸ் = 5 போன்ற செங்குத்துக் கோட்டுக்கு இம்முறை உதவாது என்பது உண்மையே; ஆனால் ஒரே எக்ஸுக்குப் பல ஒய் மதிப்புகள் இருப்பதால் அது சார்பே (ஒவ்வோர் எக்ஸுக்கும் ஒரே ஒரு ஒய் தரும் தொடர்பு) அல்ல.

வரைந்து முடித்தால் போதும் என்பவருக்கு வெட்டுத்துண்டு முறை ஏற்றது. சார்பைப் புரிந்துகொள்ள விரும்புபவர் அட்டவணையில் தொடங்கிச் சாய்வுக்கு வருவதே நல்லது என்பேன். ஒய் = −(2/3)எக்ஸ் + 4 என்பதில் உள்ள 4ஐ 7 ஆக்கினால் கோடு தனக்கு இணையாக மேலே நகரும் என்பதையும், சாய்வை மட்டும் மாற்றினால் (0, 4) ஐப் பற்றிச் சுழலும் என்பதையும் புதிதாக ஒரு புள்ளிகூடக் குறிக்காமல் சொல்ல முடிவது சாய்வு வடிவத்தில்தான்.