துளை வைத்த மண் சாடியில் அந்தூரியம்: சாடி மாற்றிய கையோடு எழுதுவது

பக்கமெல்லாம் துளை போட்ட மண் சாடி இருக்கிறதே, ஓர்கிட்டுக்கும் அந்தூரியத்துக்கும் என்று விற்பார்களே, அதன் விலை இப்போது இறங்கியிருக்கிறது. இந்தக் கிழமை முழுக்க என்னிடம் வந்த கேள்வி ஒன்றுதான்: வாங்கலாமா? இலங்கையின் வடக்கே வன்னியில், மாங்குளத்துக்குக் கிழக்கே, கோடையில் முற்றத்து மண் வெறுங்காலைச் சுடுகிற வளவில், பல வருடமாக அந்தச் சாடியில்தான் அந்தூரியம் வளர்க்கிறேன். போன ஞாயிறு ஒரு பழைய செடியை அதிலிருந்து கழற்றி அடுத்த சாடிக்கு மாற்றினேன். சாடியை உடைத்துத்தான் செடியை எடுக்க முடிந்தது, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதினால் எல்லாவற்றையும் மென்மையாகச் சொல்லிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

சாடியின் அளவு, நிறம், எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விடுவோம்.

முதலில் நியாயத்தைச் சொல்ல வேண்டும். இந்தச் சாடி இல்லையென்றால் என் அந்தூரியங்கள் ஒரு கோடையும் தாண்டியிருக்காது. செடியின் சொந்த ஊர் கொலம்பியாவும் ஈக்வடோரும். அங்கே மழைக்காட்டு மரங்களில் தொற்றி வளர்கிற சாதி. வேரைச் சுற்றி எப்போதும் ஈரம் இருக்கும், ஆனால் வேர் தண்ணீரில் ஊறி நிற்காது. ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். வன்னியில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பது லேசான வேலையில்லை. மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை கொட்டித் தீர்க்கும். பிறகு வெயில். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும்.

கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியில் வைத்த செடிகளைப் பார்த்திருக்கிறேன். வெயில் படுகிற பக்கத்தில் சாடிச் சுவரைத் தொட்ட வேரெல்லாம் அவிந்து மண்ணிறமாகிக் கிடக்கும். மண் சாடியில் அது நடப்பதில்லை. சுவர் தண்ணீரை உறிஞ்சி வெளியே விடுகிறது, அந்த ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டு போகிறது. வீட்டு மூலையில் வைக்கிற மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். பங்குனி வெயிலில் கிடுகுப் பந்தலுக்குக் கீழே இருக்கிற சாடியின் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. சாடியே தண்ணீர்க் கணக்குச் சொல்கிறது. ஈரமாக இருந்தால் சுவர் கருஞ்சிவப்பு. காயக் காய மேலிருந்து வெளிறிக்கொண்டு வரும். வெளிறல் பாதிச் சுவருக்கு இறங்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதற்கு மேல் வேறு கணக்கு வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற என் மகள் சாடிகளை ஒருதரம் பார்த்துவிட்டு எதற்கு ஊற்ற வேண்டும் என்று தானே சொல்லிவிடுவாள். ஈரம் விரும்புகிற செடியை அதிகத் தண்ணீர் ஊற்றியே கொல்கிறவர்கள் அதிகம். அந்தப் பயம் இந்தச் சாடியில் பாதியாகக் குறைகிறது.

வெள்ளைப் படிவைப் பற்றிப் பலர் முறைப்பாடு சொல்கிறார்கள். அது சாடியின் குற்றமில்லை. எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். கேத்திலின் அடியில் பிடிப்பது எதுவோ அதுதான் சாடிச் சுவரிலும் பூக்கிறது. பிளாஸ்ரிக் சாடி என்றால் அந்த உப்பு உள்ளேயே தங்கி வேரைத் தின்னும். இங்கே ஒரு பங்கு சுவர் வழியே வெளியே வந்து கண்ணுக்குத் தெரிகிறது, தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவிவிடலாம். கொஞ்சம் புளிப்புத்தன்மையான இடத்தில்தான் அந்தூரியம் நன்றாக நிற்கும், சுண்ணாம்பு அதற்கு ஆகாது. அதனால் மாரியில் கூரைத் தண்ணீரைப் பரலில் பிடித்து வைத்து, கோடையில் இடைக்கிடை அதை நிறைய ஊற்றிச் சாடியை அலசிவிடுகிறேன். கிணற்றுத் தண்ணீரை இலையில் தெளிப்பதே இல்லை. தெளித்தால் அந்தப் பளபளப்பான இலை புள்ளி புள்ளியாக வெளுத்துப் போகும்.

இவ்வளவும் புகழ்ச்சி. இனி என் வயிற்றெரிச்சல்.

அந்தூரியத்தை ஒரே சாடியில் நெடுநாள் விட முடியாது. அது மேல்நோக்கி ஏறுகிற செடி. புது இலை ஒவ்வொன்றின் கக்கத்திலும் ஒரு பூ வரும், கீழிலை உதிரும், தண்டு கொஞ்சம் நீளும். இரண்டு மூன்று வருடத்தில் தண்டு சாடி விளிம்பைத் தாண்டி வெறுங்கழுத்தாக நிற்கும், அதிலிருந்து வேர்கள் காற்றில் தொங்கும். கீழே போட்ட பொச்சுத் துண்டுகளும் அதற்குள் உக்கித் தூளாகி அடைத்துக்கொள்ளும். பூ சிறுக்கும். அப்போது மாற்றியே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது.

அங்கேதான் இந்தச் சாடி தன் குணத்தைக் காட்டுகிறது. அந்தூரிய வேரின் வெளித்தோல் பஞ்சு மாதிரியானது, ஈரமான, சொரசொரப்பான எதையும் கண்டால் ஒட்டிக்கொள்ளும். காட்டில் மரப்பட்டையைப் பிடிக்கத்தான் அது. சூளையில் சுட்ட களிமண் சுவர் அதற்கு மரப்பட்டையை விட நல்ல பிடி. பல்லி சுவரைப் பிடித்தது போல வேர் முழுநீளத்துக்கும் அப்பிக்கொண்டு கிடக்கிறது. போதாததற்குத் துளைகள் வேறு. உள்ளிருந்து ஒரு துளையால் வெளியே வந்த வேர், சுவரைச் சுற்றி வளைந்து, அடுத்த துளையால் திரும்ப உள்ளே போயிருக்கிறது. வெளியே வந்தபோது மெல்லிசாக இருந்தது துளைக்குள்ளேயே தடித்துவிட்டது. அதை எந்தப் பக்கம் இழுப்பது?

இழுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கிட்டத்தில் பார்த்தேன். வேரின் வெள்ளைத்தோல் சுவரிலேயே தங்கிவிட்டது, உள்ளிருக்கிற நார் மட்டும் கையோடு வந்தது. அப்படித் தோலுரிந்த வேர் தண்ணீர் உறிஞ்சாது, சில நாளில் கறுத்துச் செத்துவிடும். நுனியில் பச்சை மினுங்குகிற வேர்கள், அடுத்த கோடைக்குச் செடியைத் தாங்கப்போகிறவை, அவைதான் சுவரை ஒட்டிக் கிடக்கிறவை. முதல் பலியும் அவைதான். நல்ல வேரைப் பார்த்துப் பார்த்து வளர்த்துவிட்டு அதை நானே உரிப்பதா? எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அதனால் உடைத்தேன். முதல்நாள் பின்னேரமே சாடியைச் செடியோடு ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி ஊற விட்டேன். ஊறினால் வேர் வளையும், பிடியும் கொஞ்சம் இளகும். மறுநாள் சாடியைச் சாக்கில் சரித்து, விளிம்பில் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். மண் சாடி ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குத்தான் வெடிக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துத் தட்டினால் துண்டு துண்டாகக் கழன்று வரும். கழன்ற துண்டில் வேர் ஒட்டியிருந்தால் அதைப் பிரிக்கப் போகக்கூடாது. வேரோடு அந்தத் துண்டையும் அப்படியே புதுச் சாடிக்குள் இறக்க வேண்டும். ஒட்டாத துண்டுகள் அடியில் போடுவதற்கு ஆகும்.

ஆக, சாடி மாற்றுகிற ஒவ்வொரு முறையும் ஒரு சாடி போகிறது. "கழுவித் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், ஆயுளுக்கும் கிடக்கும்" என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். கிடக்கும், செடியை மாற்றாமல் விட்டால். விலை இறங்கியிருக்கிறது என்கிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

மாற்றுகிற வேலையைப் பற்றியும் கொஞ்சம். புதுச் சாடி பழையதை விட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதென்றால் நடுப்பகுதி காயாமல் புளித்துப் போகும். அடியில் ஓட்டுத் துண்டு போடுங்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு திரும்பி வந்த எந்த வளவிலும் அதற்குப் பஞ்சமில்லை, என் அடுக்கு முழுக்கப் பழைய வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தது. அதன் மேல் பொச்சுத் துண்டும் கரியும். பொச்சைப் பச்சையாகப் போடாதீர்கள். பரலில் ஊறப்போட்டு, சிவந்த சாயம் இறங்குவது நிற்கும் வரை தண்ணீரை மாற்றுங்கள். அந்தச் சாயமும் உப்பும் இளவேருக்குக் கூடாது. தண்டிலிருந்து தொங்குகிற வேர்களைப் பொச்சுக்குள் இறக்குங்கள், குருத்து மட்டும் மேலே நிற்கட்டும். குருத்து புதைந்தால் அழுகிவிடும்.

தண்டு அளவுக்கு மீறி நீண்டிருந்தால் கொஞ்ச வேரோடு தலைப்பகுதியை வெட்டிப் புதிதாக நடலாம், கீழே நிற்கிற கட்டையும் பக்கக் கன்று விடும். கத்தியை நெருப்பில் காட்டி அல்லது ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும். பற்றீரியாக் கருகல் நோய் கத்தியாலும் ஒரு பந்தல் முழுக்கப் பரவும். சாறு கையில் பட்டால் கடிக்கும். சேம்பு, கருணைக்கிழங்குக் குடும்பம் அல்லவா, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

காலம் என்று கேட்டால், மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னால். காற்றில் ஈரம் ஏறும்போது செடி சீக்கிரம் தேறும். ஆனால் நேரே மழை விழுகிற இடத்தில் வைக்க வேண்டாம். புது இலை வரும் வரை பசளையும் வேண்டாம். மாரியில் நத்தை வரும், இரவில் ஒருதரம் ரோச் அடித்துப் பாருங்கள். ஒரே இரவில் இளவேர் நுனிகளை அரித்துவிடும்.

வவுனியாவிலிருந்து மச்சாள் போனில் கூப்பிட்டாள். "கோடைக்கு நல்லம் எண்டுதானே நீங்கள் எப்பவும் சொல்லுவீங்கள், இப்ப ஏன் வேண்டாம் எண்டுறியள்?" என்று கேட்டாள். நல்லதுதான், அதில் ஒரு சொல்லையும் நான் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் சுவர் அவ்வளவு சொரசொரப்பாக இருக்க வேண்டிய தேவை என்ன? உட்பக்கத்தை ஒருதரம் வழவழப்பாகத் தடவிச் சுட்டால் வேர் இந்தப் பிடி பிடிக்காது. துளையை ஒரு விரல் பெரிதாக வைத்தால் தடித்த வேரும் வெளியே வந்துவிடும். செய்கிறவருக்குக் கொஞ்ச நேர வேலை. எந்தச் செடிக்கென்று விற்கிறார்களோ அந்தச் செடியின் வேரை ஒருதரம் பார்த்திருந்தால் அவர்களே செய்திருப்பார்கள். என் கோபம் அதுதான்.

எனவே என் தீர்ப்பு: வாங்காதீர்கள். விலை இறங்கியதற்காக அள்ளிக்கொண்டு வந்து அடுக்காதீர்கள். துளையில்லாத சாதாரண மண் சாடி, அடியில் மட்டும் அகலமான ஓட்டையோடு, பாதி விலைக்குக் கிடைக்கும். பொச்சைப் பெரிய துண்டாக வெட்டிப் போட்டால் காற்று அதிலும் ஓடும். சுவரில் வேர் ஒட்டத்தான் செய்யும், ஆனால் துளைக்குள் சிக்காது. ஊற வைத்துவிட்டு மழுங்கிய கத்தியைச் சுவரோரமாக ஓட்டினால் பெரும்பாலும் முழுதாக வரும்.

ஏற்கெனவே துளைச் சாடி வைத்திருக்கிறவர்கள் அதை எறிய வேண்டியதில்லை. என் மற்றச் செடிகளும் அதில்தான் நிற்கின்றன, வருகிற கோடைக்கு அவற்றை வேறெதற்கும் மாற்ற எனக்குத் துணிவில்லை. வெளியே எட்டிப் பார்க்கிற வேர் நுனியை இளசாக இருக்கும்போதே விரலால் உள்ளே திருப்பி விடுகிறேன். கிழமைக்கு ஒருதரம் அந்த வேலையைச் செய்தால் அடுத்த முறை சுத்தியல் தேவைப்படாது என்று நம்புகிறேன்.