மேன்ஹோல் சென்சார்: வேலை செய்கிறது, தூங்கத்தான் விடாது

கழிவுநீர்ப் பராமரிப்பில் இருக்கும் நண்பர் ஒருவர், "சாக்கடையில் லெவல் சென்சார் போடலாமா, உருப்படியாக ஓடுமா?" என்று கேட்டிருந்தார். ஒரு சென்சாரைக் கழற்றி மாற்றிய கையோடு பதில் எழுதுகிறேன். கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூடிக்கு அடியில் தொங்கியபடி, ஒலி அலையை அனுப்பி அது திரும்பும் நேரத்தை வைத்து நீர்மட்டத்தை அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார், பேட்டரி, சிம் கார்டு, 15 நிமிடத்துக்கு ஓர் அளவு: இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குப் பிடித்துப்போனது அதன் கிராஃப். மழையில்லாத நாட்களில் சாக்கடைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் ஏறும், மதியம் தணியும், முன்னிரவில் மறுபடி ஏறும், பின்னிரவில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். கொழுப்பும் ஈரத் துடைப்பான்களும் குழாயில் எங்காவது சேரத் தொடங்கினால், இந்த அடிமட்டம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். அடுத்தடுத்த இரண்டு மேன்ஹோலில் மேல்பக்கம் ஏறி, கீழ்ப்பக்கம் குறைந்தால் அடைப்பு நடுவில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் இன்னும் கீழே பம்ப் நின்றிருக்கலாம், அல்லது மழைநீர் உள்ளே புகுந்திருக்கலாம். நன்றாக ஓடும் குழாயை அட்டவணைக்காக ஜெட்டிங் (வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம்) செய்வதும், அடைபடப் போகிற குழாயை முறை வரும்வரை விட்டுவைப்பதும் இதனால் நின்றுபோனது. இதை யாரும் மறுக்க முடியாது.

சரி, இப்போது ராத்திரி அலர்ட்டுக்கு வருவோம்.

சாக்கடைக்குள் காற்று எப்போதும் ஈரம். இரவில் மூடி குளிர்ந்ததும் சென்சாரின் முகம் வியர்த்துவிடும். அந்த நீர்த்துளியோ, குறுக்கே ஒரு சிலந்தி கட்டிய வலையோ ஒலி அலையைப் பக்கத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிடும். கருவி அதைத் தண்ணீர் என்று நம்பி, நிரம்பி வழியப்போகிறது என்று ஃபோனை அலறவிடும். ஆளை அனுப்பி மூடியைத் திறந்தால், குழாயில் கால்வாசி கூட இருக்காது. தொடர்ந்து மூன்று அளவு உயர்ந்தால் மட்டும் அலர்ட் என்று மாற்றலாம், மாற்றினோம். ஆனால் உண்மையிலேயே வழியும்போது அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். இடைவெளியைக் குறைத்தாலோ பேட்டரி தாங்காது. இரும்பு மூடிக்கு அடியிலிருந்து சிக்னல் பிடிக்க மோடம் திரும்பத் திரும்ப முயன்றே பாதியைத் தின்றுவிடுகிறது.

இன்னொன்று. தண்ணீர் சென்சாரின் முகத்துக்கு மிக அருகில் வந்துவிட்டால் அதற்கு அளக்கத் தெரியாது. அதாவது, வழியப்போகிற நேரத்தில் குருடு! விற்றவர்களிடம் கேட்டால், கூடவே, தண்ணீரின் அழுத்தத்தை வைத்து மட்டத்தைச் சொல்லும் அழுத்த சென்சார் ஒன்றைப் போடுங்கள் என்கிறார்கள். அது கழிவுநீரிலேயே மூழ்கிக் கிடக்கும். துணியும் பிசுக்கும் சுற்றிக்கொள்ளும். அப்புறம் அதைச் சுத்தம் செய்ய மறுபடி மூடியைத் திறக்க வேண்டும். திறப்பதைக் குறைக்கத்தானே இவ்வளவும் வாங்கினோம்? சாக்கடையில் உண்டாகும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. அதனால் சும்மா எட்டிப் பார்ப்பதற்குக்கூட கேஸ் மீட்டர், காவலுக்கு ஒருவர் என்று ஒரு பட்டாளம் கிளம்ப வேண்டியிருக்கிறது. பொய் அலர்ட்டுக்கும் அதே பட்டாளம்தான்.

ஓர் இடத்தில் மட்டும், ஒலிக்குப் பதிலாக ரேடியோ அலையால் அளக்கும் ராடார் வகை சென்சார் வைத்திருக்கிறோம். ஆவியோ வெப்ப மாற்றமோ அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. விலை அதிகம், ஆனால் தேவையில்லாமல் வாயைத் திறப்பதில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு: அல்ட்ராசானிக் வேண்டாம். அடைப்புகள் குறைந்தது உண்மை, ஜெட்டிங் வண்டியின் வீண் ஓட்டம் குறைந்ததும் உண்மை, இருந்தாலும் வேண்டாம். அடுத்த மழைக்காலத்தில் அது ஓர் அடைப்பை முன்கூட்டியே பிடித்துவிட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ. எதை வாங்கினாலும், இரவில் அலர்ட் யாருடைய ஃபோனுக்கு வரும் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.