துரத்துபவனை நாயகனாக்கும் நாவல்

எச். டி. கார்ல்டன் எழுதி 2021இல் வெளிவந்த ‘ஹான்டிங் அடலைன்’ நாவலில், பாட்டி விட்டுச்சென்ற பழைய மாளிகையில் குடியேறும் எழுத்தாளரான அடலைனை, ஜேட் என்பவன் மறைந்திருந்து கண்காணித்து, பூட்டிய வீட்டுக்குள்ளும் நுழைகிறான். அவனையே ஆள்கடத்தல் கும்பல்களை வேட்டையாடுபவனாகவும் ஆக்கியிருப்பதுதான் ஆசிரியரின் சாமர்த்தியம். அவனைவிடக் கொடியவர்களை எதிரே நிறுத்திவிட்டால், அவன் மீறும் எல்லைகள் சிறியவையாகத் தோன்றிவிடுகின்றன. அச்சமும் ஈர்ப்பும் ஒரே மனத்தில் எழக்கூடும் என்பது உண்மையே என்றாலும், ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லாத இடத்தில் நிகழ்வதைக் காதல் என்று ஏற்க என்னால் இயலவில்லை. அடலைனுடைய கொள்ளுப்பாட்டியின் நாட்குறிப்புப் பகுதிகள் மட்டும் என்னை ஈர்த்தன. முதல் பக்கங்களில் உள்ள, நூலின் கடுமையான உள்ளடக்கம் பற்றிய எச்சரிக்கையை (அது நேர்மையான செயல்) படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். கதையோ இந்த நூலோடு முடிவதில்லை.